வாடகைக்கு எடுத்த உயிர்மீட்புப் பெட்டி

சாவை வெல்லும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வாரமே அதை மறந்துபோன ஆள் நான். மூளையில் கோளாறு எதுவும் இல்லை. தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

1. பெட்டி வந்தது

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் எங்கள் விண்கலம் நின்றது. தினசரி ஒளிபரப்பாகும் விண்வெளித் தொடர். ஒரு வெள்ளிக்கிழமை எபிசோடில் கேப்டனாக வரும் கதாநாயகியைச் சுட்டுவிட்டேன். திங்கட்கிழமை அவர் எழுந்தாக வேண்டும். போஸ்டரில் முகம் உள்ளவர் சாகக் கூடாது என்பது சேனலின் சட்டம். படித்தவர்கள் இதை 'ப்ளாட் ஆர்மர்' என்பார்கள். எங்கள் யூனிட்டில் வெறும் 'கவசம்'.

ஆகவே 'உயிர்மீட்புப் பெட்டி' என்று எழுதிக் கொடுத்தேன். ஆர்ட் டைரக்டர் குமணன்சாவடிக்குப் போய், சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளி பெயின்ட், ஓரமெல்லாம் நீல எல்இடி, பக்கவாட்டில் ஒரு காலிங்பெல் சுவிட்ச். கலத்தின் இன்ஜினியராக நடித்த ஏழுமலை சுவிட்சை அழுத்தினார். கேப்டன் கண் விழித்தார். சாயங்காலமே பெட்டி கடைக்குத் திரும்பிவிட்டது.

அதன் பிறகு கலத்தில் எத்தனையோ பேர் செத்தார்கள். 'பெட்டி எங்கே?' என்று ஒருவரும் கேட்கவில்லை. விண்வெளித் தொடர்களில் இது சகஜம். இந்த வாரம் பிரபஞ்சத்தையே புரட்டிப் போடும் கருவி, அடுத்த வாரம் அப்படி ஒன்று இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. நானும் மரபை மீறவில்லை.

2. ஒரு சாவு வேணும்

ஒரு நாள் காலையில் தயாரிப்பாளர் வந்தார். "சார், ரேட்டிங் படுத்துடுச்சு. ஒரு சாவு வேணும். இன்னிக்கே."

கவசம் இல்லாதவர்களில் மக்களுக்குப் பிடித்த ஆள் ஏழுமலை. எழுதிவிட்டேன்.

ஏழுமலை அம்பத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பல வருடங்கள் சீரியல்களில் பிணமாகவே நடித்தவர். மூச்சை அடக்குவதில் மன்னன். வசனத்தோடு கிடைத்த முதல் வேடம் இது. இதுவும் போனால் மறுபடி பாடைதான். பக்கத்தைப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"இன்னா சார், மறுபடியும் படுக்க வச்சிட்ட?"

"சேனல் கேக்குது ஏழுமலை."

"கேக்கட்டும். அந்தப் பெட்டி இன்னா ஆச்சு? சுவிச்சு போட்டதே நான்தானே? ஊருக்கே போட்டவன், எனக்குன்னா மறந்துடுவனா?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தயாரிப்பாளரிடம் ஓடினேன். "டேக் சாயங்காலம். அதுக்குள்ள பெட்டி வந்தா பொழைக்கட்டும். இல்லன்னா கதை க்ளோஸ்" என்றார்.

3. ஆவடியில்

இன்ஜினியரின் வெள்ளி உடையோடு, பூட்ஸோடு, ஏழுமலை என் ஸ்கூட்டரில் ஏறினார். குமணன்சாவடி கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது வேலைல கீது சார், ஆவடில. பெயின்ட்ட சுரண்டவே வுடல ஜனங்க. 'டீவி பெட்டி'தான் வேணும்னு கேட்டு வாங்கினு போறாங்க."

முகவரி வாங்கிக்கொண்டு ஆவடிக்குப் போனோம். தெருவை அடைத்த ஷாமியானா, அதன் கீழே எங்கள் பெட்டி. நீல விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாலையோடு ஒரு பெரியவர். ஸ்டாண்டைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: சாவு வீட்டில் வந்து பெட்டியைக் கேட்கப் போகிறோம். கையைக் கூப்பிக்கொண்டு நின்றுவிட்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி, ஏழுமலையின் உடையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"நீதானேப்பா அந்த சுவிச்சு போட்டது?"

பந்தலில் அழுகை நின்றது.

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணு எழுந்தப்போ இவரு கை தட்டினாரு. டீவிக்குப் போயி யாராச்சும் கை தட்டுவாங்களான்னு திட்டினேன்." பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "எழுந்துடுவாருன்னு நான் சொல்லல. ஒரு வாட்டி போடு."

ஏழுமலை பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெட்டியருகே போய், தொடரில் செய்தது போலவே, உள்ளே இருந்தவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சுவிட்சை அழுத்தினார். காத்திருந்தார். பந்தல் முழுக்கக் காத்திருந்தது. நானும்தான். அந்த சுவிட்சுக்கு ஒயரே கிடையாது என்று தெரிந்த நானும் மூச்சு விடாமல் நின்றேன்.

"போதும்பா," என்றார் அந்த அம்மா. கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டார்.

பெட்டியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "கொன்னுடு சார். ஆனா பெட்டி எங்க போச்சுன்னு ஒரு வரி எழுதிடு."

4. டேக்

சாயங்காலம் கேப்டன், "பெட்டியைக் கொண்டு வாருங்கள்!" என்று கத்தினார். தரையில் கிடந்த இன்ஜினியர் தலையை அசைத்தார். "வேண்டாம் கேப்டன். அது வேறொருவருக்குத் தேவைப்படுகிறது."

பிறகு மூச்சை அடக்கினார். டைரக்டர் கட் சொல்லவில்லை. லைட்மேன்கள் அசையவில்லை. இத்தனை காலம் பிணமாக நடித்தவர், அன்றுதான் முதல் தடவையாகச் செத்தார். ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

புதிதாக வசனம் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கதைக்குள் ஒரு கருவியைக் கொண்டுவந்தால், எங்கோ யாரோ கை தட்டிவிடுவார். நீங்கள் மறக்கலாம், அவர் வீட்டில் மறக்க மாட்டார்கள்.

இந்தப் பெருமையை எல்லாம் அடுத்த வாரம் குமணன்சாவடி கடைக்காரரிடம் அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பார்த்தேன் சார். ஊட்ல அல்லாரும் அழுதாங்க. ஆனா அன்னிக்கு மதியானமே பாடிய எடுத்துட்டாங்க. பெட்டி இங்க சும்மாதான் கெடந்துச்சு. கைல போன வச்சினு கீறியே, ஒரு போன் போட்டிருந்தா இன்ஜினியர் அண்ணாத்த பொழைச்சிருப்பாரு."