முன்னால் பூட்டு இல்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதைச் சொல்வதால் எனக்கு லாபம் எதுவும் இல்லை. நஷ்டம்தான். 'பேய் வண்டி' என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்கு என் ஜீப்பில் யார் ஏறுவார்கள்? ஆனாலும் இது நடந்தது. எனக்கே நடந்தது. பக்கத்து இருக்கையில் என் தங்கையின் கணவன் உட்கார்ந்திருந்தான். சந்தேகமிருந்தால் அவனைக் கேளுங்கள், அவன் வாயைத் திறந்தால்.

மலைக்கு ஜீப் ஓட்டுவது என் தொழில். கீழேயிருந்து ஆட்களும் சாமான்களும் மேலே போகும். மழைக்காலத்தில் சேற்றில் மாட்டாத நாளே கிடையாது. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் இன்ஜினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போகும். அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கெட்டித் தரையில் நிற்கிற ஜோடிச் சக்கரம் வேடிக்கை பார்க்கும். இதற்காகவே டிஃபரன்ஷியல் லாக்கர் என்று ஒன்று உண்டு. நாங்கள் பூட்டு என்போம். ஸ்விட்சைத் தட்டினால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுக்கும்.

முன் சக்கரங்களுக்குப் போடுவதா, பின் சக்கரங்களுக்கா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் போட வசதியில்லை. "வீட்டுக் கதவுப் பூட்டு உடைஞ்சு கிடக்கு, வண்டிக்குப் பூட்டு கேக்குதா?" என்றாள் என் மனைவி. கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கிரீஸ்'. ஒரு தடவை கை குலுக்கினால் காரணம் புரியும்.

"பின்னால போடு," என்றார். "ஏத்தத்துல பாரமெல்லாம் பின்னாலதான் சாயும். பின் சக்கரம் தள்ளும், ஸ்டியரிங் உன் கையில இருக்கும்."

"முன்னால போட்டா?"

"நல்லா இழுக்கும். ஆனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடும். நீ ஒரு பக்கம் திருப்புவ, அது நேராத்தான் போவேன்னு அடம் பிடிக்கும். வண்டி உன் பேச்சைக் கேக்காது."

பின்னாலேயே போட்டேன். காற்றழுத்தத்தில் வேலை செய்கிற பூட்டு. விழும்போது வண்டியின் பின்பக்கம், அடியில், 'டக்' என்று கேட்கும். எடுக்கும்போது 'புஸ்' என்று காற்று இறங்கும். இரண்டு மாதத்தில் அந்தச் சத்தங்கள் எனக்கு என் மூச்சு மாதிரி பழகிவிட்டன.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தங்கை போன் செய்தாள். மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ்.

"அண்ணா, ஆக்சிஜன் தீரப்போகுது. ஒரு பெரியவர் மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்கார். ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு, வேன் வராதுன்னுட்டாங்க. உன் ஜீப் வருமா?"

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எட்டு மணி வரைக்கும். இழுத்துப் பிடிச்சா எட்டரை."

நல்ல ரோடு அடைபட்டுவிட்டதால் பழைய கல்குவாரிப் பாதை ஒன்றுதான் மிச்சம். குவாரியை மூடிய பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மாப்பிள்ளையும் கூட வந்தான். எனக்கு அவன் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன், என் தங்கையைக் கட்டியது பிறகுதான். அரட்டையடிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். இரண்டு சிலிண்டர்களைப் பின் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். கிளம்பும்போது மணி ஆறு பத்து.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் மேலதிகாரியைப் போல மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டு வந்தான். நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். குவாரி மேட்டைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

வலது பக்கம் வெட்டிய பாறைச் சுவர். இடது பக்கம் பள்ளத்தாக்கு. பாதை பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சேறு வெண்ணெய் மாதிரி வழுக்கியது. பூட்டைப் போட்டேன்.

டக்.

வண்டி ஏறியது. ஆனால் சாய்வில் பூட்டுப் போட்டால் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுழன்று சேர்ந்தே வழுக்கும். வண்டியின் பின்பாகம் மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில், இடது பக்கமாக, ஒரு ஆள். முழுக்கைச் சட்டை. குடை இல்லை. கையை உயர்த்தி, உள்ளங்கையை மடக்கி, 'வா... இப்படி வா' என்று சைகை காட்டினான். கஷ்டமான இடங்களில் ஒருவர் முன்னால் நின்று டிரைவருக்கு வழி காட்டுவது வழக்கம். அதே மாதிரிதான்.

"நல்ல வேளை மாப்ள, ஒரு ஆள் இருக்கான்," என்றேன்.

மாப்பிள்ளை டேஷ்போர்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சாய்வில் இனிப் பூட்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். பின்னால் 'புஸ்' என்று காற்று இறங்கியது. மெதுவாக நகர்ந்தேன். அவன் இடது பக்கமாகக் கையைக் காட்டினான். இன்னும் இடது... இன்னும்...

வண்டி பத்தடி முன்னால் போனது. அவனும் பத்தடி தள்ளி நின்றான். அவன் நடந்ததை நான் பார்க்கவில்லை.

மழை வலுத்தது. காற்றில் ஜீப்பின் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. அவன் சட்டை அசையவில்லை. நனையவும் இல்லை.

ஆனால் வலது பக்கம் முழுக்கப் பாறாங்கற்கள். இடது பக்கம் சமமாகத் தெரிந்தது. அங்கே பெரியவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். மணி ஏழு இருபது. ஆனது ஆகட்டும் என்று ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

டக்.

பின்னால் இல்லை.

முன்னால். என் காலுக்கு நேர் கீழே.

ஸ்டியரிங் இறுகியது. இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. முன் சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, நேராக, பாறாங்கற்களின் மேல் ஏற ஆரம்பித்தன.

"ஸ்டியரிங் திரும்பல மாப்ள..."

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வெளியே நின்ற ஆளை அவன் பார்க்கவே இல்லை. மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பக்கத்துக் கண்ணாடி பாறையில் உரசி உடைந்தது.

வெளியே நின்றவனைக் கடந்தோம்.

கை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது...

இடது பக்கம்... இடது பக்கம்...

முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புஸ்.

ஸ்டியரிங் லேசானது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது மணி எட்டுக்கு ஐந்து நிமிடம். தங்கையும் வாட்ச்மேனும் ஓடிவந்து சிலிண்டரை இறக்கினார்கள். இரவு பெரியவர் கண்ணைத் திறந்து, படுக்கை ஈரமாக இருக்கிறது என்று தங்கையைத் திட்டினாராம். "திட்டுறாருன்னா பிழைச்சுட்டாருன்னு அர்த்தம்," என்று அவள் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

விடிந்ததும் நான் தனியாக அந்த வளைவுவரை நடந்து போய்ப் பார்த்தேன். பாறைச் சுவரை ஒட்டி என் டயர்த் தடம் இருந்தது. தடத்துக்கு இடது பக்கம் ஒரு முழ அகலத்துக்குத் தரை. அதற்கப்புறம் பாதை இல்லை. மழையில் அப்படியே பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்திருந்தது. அந்த ஆள் நின்ற இடமெல்லாம் வெறும் காற்று.

நல்ல ரோட்டில் மண்ணை அள்ளிய பிறகு கீழே வந்ததும் நேராகக் கிரீஸிடம் போனேன். "முன்னாடி கழட்டிப் பாருங்க," என்றேன். அரை நாள் உட்கார்ந்து கழற்றினார்.

"கம்பெனியில போட்ட சாதா பல்சக்கரம்தான் இருக்கு. இதுல டக்குன்னு விழ என்ன இருக்கு? நீ போய் நல்லா தூங்கு."

அதோடு விட்டுவிட்டேன். பயத்தில் காதும் கையும் என்னை ஏமாற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிழைப்பு நடக்க வேண்டுமே. மறுநாளே மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சவாரி எடுத்தேன்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு என் ஜீப்பில் ஏறவே இல்லை. வீட்டுக்கும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அவன் ஆபீசுக்கே போய்ப் பிடித்தேன்.

"என்னடா கோபம் உனக்கு?"

"கோபமெல்லாம் இல்லை மச்சான்."

"அப்புறம்? அன்னைக்கு வழியெல்லாம் ஏன் பேசல? அந்த ஆளைப் பார்த்துப் பயந்துட்டியா?"

"எந்த ஆள்?" என்றான்.

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"வெளியில யாரையும் நான் பாக்கல. நீ யார்கிட்டயோ பேசுற மாதிரி ஓட்டிக்கிட்டு இருந்த. இடது பக்கம் ஒடிச்ச. அப்போ பின் சீட்லேர்ந்து ரெண்டு கை வந்துச்சு. உன் கழுத்துக்கு ரெண்டு பக்கமும். உன் கை மேல கையை வெச்சு ஸ்டியரிங்கைப் பிடிச்சுது."

"பின்னால யாருமே இல்லையேடா!"

"பின் சீட்லேர்ந்து ஸ்டியரிங் வரைக்கும் எட்டணும்னா கை எவ்வளவு நீளம் இருக்கணும், யோசிச்சுப் பாரு."

"நீ ஏன் கத்தல?"

"கண்ணாடியில பார்த்தேன். அது என்னைத்தான் பார்த்துச்சு. பேசாதேன்னு தலையை ஆட்டுச்சு."

"அது... எங்க இறங்குச்சு?"

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான்.

"இறங்கலையே மச்சான். நாம சிலிண்டரை இறக்கும்போதும் அங்கேயேதான் உக்காந்திருந்துச்சு."

அந்த மூன்று மாதமும், தினமும் காலையில், அந்தப் பின் இருக்கையில்தான் என் மகளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.