மாதாவின் கண்ணீரை உரசி எடுத்தேன்

வியாகுல மாதாவின் முகத்தைக் கெடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது வில்லியனூர் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பீரோ செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தேன். கை சுத்தமானவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்ததும் உண்மை.

எங்கள் கோயிலில் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த மாதா சுரூபம் ஒன்று உண்டு. கைகளைக் கோத்துக்கொண்டு நிற்பாள். இரண்டு கன்னத்திலும் இரண்டிரண்டு கண்ணீர்த் துளிகள். பெரிய வெள்ளி மாலையில் இறந்த இயேசுவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பவனி போகும்போது அவளையும் பின்னால் தூக்கி வருவார்கள். அதற்கு முன்னால் விரிசல்களை அடைத்துக் கொஞ்சம் வண்ணம் தொட்டுக் கொடு என்று பங்குச் சாமியார் என்னிடம் கேட்டார். பீரோவுக்கே பட்டி பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டேன்.

எங்களுக்குக் குழந்தை செத்துப் பிறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சுரூபத்தின் முன்னால் போய் உட்கார்ந்து அழுவாள். கண் வீங்கி வீட்டுக்கு வருவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். எட்டு மாதமாக எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது. அவளை அழவைப்பதே அந்த மாதாதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம். மாதா அழுவதை நிறுத்தினால் இவளும் நிறுத்திவிடுவாள் என்று எந்தப் புத்திசாலி யோசிப்பான்? நான் யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். விரிசலில் பட்டி அடைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த கை அப்படியே கன்னத்துக்குப் போயிற்று. நான்கு துளிகளையும் உரசி எடுத்துவிட்டேன். உதட்டு ஓரங்களையும் மெல்லிய பிரஷ்ஷால் கொஞ்சம் மேலே தூக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். நகைக்கடை போர்டில் சிரிக்கும் பெண் அங்கே நின்றிருந்தாள்.

மறுநாள், நாற்பது நாள் நோன்பான தபசுகாலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றிலிருந்து கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவது வழக்கம். மூடிய துணியை யாரும் தொடமாட்டார்கள். மாதாவை மட்டும் பெரிய வெள்ளி மாலையில் பவனிக்காகத் திறப்பார்கள். நானே முந்திக்கொண்டு துணியைச் சுற்றினேன். பெயிண்ட் காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. பெரிய வெள்ளிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து என் மனைவி அந்த அறைக்குள் போய் ஊதா மூட்டைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். வெளியே வந்ததும் சொன்னாள். "மூடியிருந்தா என்னா, அவ மொகம் எனக்குத் தெரியுமே."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் முதல் மூன்று மாலைகள் கோயிலில் மௌன ஒடுக்கம், அதாவது பேசாமல் உட்கார்ந்து தியானம். அவள்தான் என்னையும் இழுத்துப் போனாள். நடத்த வந்த சிஸ்டருக்கு என்னைவிட வயது குறைவு. பிரசங்கமே செய்யவில்லை. "வேதாகமத்துல ஒரு காட்சிய எடுத்துக்குங்க. அதுக்குள்ள போய் நில்லுங்க. யாரு யாரு இருக்காங்கன்னு பாருங்க. எதையும் மாத்தாதீங்க, பாத்தா போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எதையும் மாற்றாதே என்றதும் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்று வியர்த்துவிட்டது.

நான் சிலுவையடியை எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் தொழில்தான் வந்தது. மரத்தில் இணைப்பு எங்கே இருக்கும், ஆணி துருப்பிடித்திருக்குமா, சேவகனின் தொப்பிக்கு என்ன பிரைமர் அடிக்கலாம். எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. மகனுக்குக் கீழே நின்ற தாயின் பக்கம் திரும்பினால் மட்டும் நகைக்கடைச் சிரிப்பு. மூன்று நாளும் அதே கதி. இருபது வருடமாக என் வேலை துருவை மூடுவது. இந்தச் சிஸ்டரோ திறந்து பார்க்கச் சொல்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஏதோ பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். துணியை எடுத்தால் கன்னம் முழுக்க ஊதா நூல் ஒட்டியிருந்தது. பிய்த்தேன், வண்ணமும் சேர்ந்து வந்தது. ஞாபகத்திலிருந்து கண்ணீர் வரைந்தேன். குழாய் சொட்டுவது போல இருந்தது. தின்னரால் துடைத்தேன். முகமே கலங்கிப்போய்விட்டது. உண்மையில் அப்போதுதான் பயந்தேன். மறுபடி மூடிவிட்டு வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டேன்.

தபசுகாலத்து வெள்ளிகளில் எங்கள் பங்கிலிருந்து வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போவோம். நாற்பது பேர் இருப்போம். விடியற்காலையில் கிளம்பினால் அங்கே குளத்தில் கால் நனைக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மற்ற வெள்ளிகளில் எனக்கு அது சுகமாக இருந்தது, பேச வேண்டியதில்லையே. அந்த வெள்ளி தாங்க முடியவில்லை. ரெட்டியார்பாளையம் தாண்டும்போதே வாய் திறந்துவிடுமோ என்றிருந்தது. செருப்புச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லாதபோது மனசு போடுகிற கூச்சல் சாதாரணமில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கலங்கிய முகம் முன்னால் வந்தது. அரும்பார்த்தபுரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லாரும் நின்றோம். என் மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ந்தா... மாதா மொகத்த நான் கெடுத்துட்டேன்."

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"கண்ணீர சொரண்டிட்டேன். சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டேன். நீ அழுவறத பாக்க முடியல, அதான்."

காதோடுதான் சொன்னேன். ஆனால் நாற்பது பேர் மௌனமாக நிற்கும் இடத்தில் காதோடு பேசுவது என்று ஒன்று கிடையாது. அத்தனை தலையும் திரும்பியது. பிரெஞ்சு அரசாங்க பென்ஷன் வாங்கும் வீட்டு அம்மாள் ஒருவர் செபமாலையைப் பிடித்தபடி, "அடப்பாவி!" என்றார். அந்த வருட மௌனத்தை உடைத்த இரண்டாவது ஆள் அவர்தான்.

கேட் திறந்ததும் என் மனைவி எனக்கு முன்னால் போய்விட்டாள். குளத்தில் எதிர்க்கரையில் நின்று கால் நனைத்தாள். திரும்பும்போது தனியாக பஸ் ஏறினாள்.

அதன் பிறகு ஒரு வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு விழும், அவ்வளவுதான். சாயங்காலம் கோயிலுக்கும் போகவில்லை. அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. குருத்து ஞாயிறன்று சாமியார் கூப்பிட்டார். "பெரிய வெள்ளிக்குள்ள சரி பண்ணு. முடியலன்னா மாதா இல்லாமதான் பவனி போவும். ஏன்னு நீயே மைக்ல சொல்லணும்." அவர் திட்டியிருந்தால் தேவலை.

பெரிய வெள்ளி காலை. கம்பெனி விடுமுறை. சன்னமான இரண்டு பிரஷ்களோடு அந்த அறைக்குப் போய்த் துணியை எடுத்தேன். பிரஷ்ஷைத் தொடவில்லை. சிஸ்டர் சொன்ன மாதிரி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எதையும் மாற்றாமல் என் கை செய்த அலங்கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போகத் தோன்றியது, போகவில்லை. அன்று நான் செய்த செபம் அதுதான்.

கதவு திறந்தது. என் மனைவி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வரைங்க."

"எதப் பாத்து?"

"என்னப் பாத்துதான்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தளர்ந்திருந்தது. உதடு காய்ந்து, ஏதோ கேட்க வந்து நிறுத்தினது போல லேசாகத் திறந்திருந்தது. கண்ணீர் இல்லை.

"நீ அழலையே" என்றேன்.

"சாயங்காலம் அரைமணி நேரந்தான் அழுவேன். மீதி நேரமெல்லாம் இப்பிடி காஞ்சிதான் கெடக்கும். நீங்க பாத்ததில்ல."

எதையும் அழகாக்காமல், கண்ணில் பட்டதை மட்டும் வைத்தேன். வண்ணம் என்பது மூடுவதற்கு மட்டுமில்லை என்பது அந்த மூன்று மணி நேரத்தில்தான் என் கைக்குத் தெரிந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதட்டு ஓரத்தை நான் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"புள்ள மொகத்தப் பாத்தீங்களா அன்னிக்கி?"

பிரஷ் நின்றுவிட்டது. குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். வாங்கின வேகத்தில் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டும் என்று ஓடினேன். கல்லறையிலும் தள்ளித்தான் நின்றேன்.

"இல்ல."

"மூக்கு உங்களாட்டம். காது என்னோடது. நெத்தியில சுருட்ட முடி, ஈரமா ஒட்டிக்கினு இருந்துச்சி." அவள் என்னைப் பார்த்தபடியே சொன்னாள். "ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குப் பேரு எதுக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வெச்சிட்டேன்."

பெயரைச் சொன்னாள். எட்டு மாதமாக அந்தப் பெயர் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயிண்ட் காய்ந்த பிறகு மறுபடி சுற்றிய துணியை மாலையில் எடுத்தபோது கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது. பென்ஷன் வீட்டு அம்மாள், "கண்ணீர் எங்கய்யா?" என்று ஆரம்பித்தார். பிறகு சுரூபத்தையே பார்த்தார். திரும்பி என் மனைவியைப் பார்த்தார். செபமாலையை உருட்ட ஆரம்பித்தார். சாமியார், "தூக்குங்கப்பா" என்றார்.

நானும் தோள் கொடுத்தேன். தெருத் திருப்பத்தில் பாட்டுச் சத்தம் கூடியபோது, எனக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பக்கத்தில் நடந்து வந்த என் மனைவி, "ம்" என்றாள்.