கமர்கட்டில் பாதி

தொண்ணூறுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்து, அடையாறில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளின் பள்ளியொன்றில் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினேன். தங்கியது மயிலாப்பூரில், ஒரு மாமி வீட்டில். நான் போகும் இடம் தெரிந்த மறுநாளே எனக்குத் தனி டம்ளர் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதேம்மா, ஆத்துல கொழந்தை இருக்கு" என்றார் மாமி.

சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று எத்தனையோ முறை விளக்கினேன். தலையாட்டுவார், டம்ளர் மட்டும் மாறாது. அந்த எரிச்சலோடுதான் தினமும் பஸ் ஏறுவேன்.

ஒருநாள் இடைவேளையில், இரண்டாம் வகுப்பு செல்வி கமர்கட் ஒன்றை நீட்டினாள்.

"காக்கா கடி கடிச்சுப் பாதி குடு" என்றேன். துணியில் சுற்றிக் கடித்தால் எச்சில் இல்லை என்பது பிள்ளைகள் கணக்கு. பாவாடை நுனியில் சுற்றி வாயருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

"நீயே கடிச்சிக்கினு மீதிய குடுக்கா. நான் கடிச்சா வெளியாளுங்க துன்ன மாட்டாங்க."

மாமியிடம் சொன்ன விளக்கம் எதுவும் இங்கே உதவவில்லை.

"நீதான் கடிக்கணும்" என்றேன்.

கடித்துப் பெரிய துண்டை எனக்குத் தந்தாள். அது என் வாயில் கரைந்து தீரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை வீட்டுத் தனி டம்ளர்களைப் பார்த்து அந்தப் பேச்சைக் கற்றிருப்பாள் என்று நினைத்தால், இன்றும் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.