பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் ஜெனரேட்டர், பம்ப், லிஃப்ட் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் பெரிய புல்வெளி. அதை வெட்ட, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். பார்க்கக் குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். அதை ஓட்டியவர் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் மாறி வரும் ஓர் அக்கா. முட்டி தேய்ந்து, குந்தி உட்கார்ந்து களை பிடுங்க முடியாமல் வேலையை விடுவதாக இருந்தவர். ஆம்பிளைகள் கிட்டே போகவே யோசித்த வண்டியில் அவர்தான் துணிந்து ஏறினார். பழகியும்விட்டார்.

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நின்றுவிடும். அப்புறம் சாவியை எவ்வளவு திருகினாலும் கிளம்பாது. மழையில் புல் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அங்கே தீபாவளிக் கொண்டாட்டம். அதற்குள் ஓடாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியாட்களைக் கூப்பிடுவேன், அந்தம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

எனக்கு எஞ்சின்கள் மேல் சீக்கிரம் கோபம் வரும். ஆள் உட்காராவிட்டால் கிளம்பாத வண்டி என்பதால் அக்காவைச் சீட்டில் உட்கார வைத்து, திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேட்டரி சரி. ப்ளக்கில் பொறி சரி. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னால் ஒரே திருகில் கிளம்பிவிடும்.

"பாத்தியா, உன் கைராசி" என்பார் அக்கா. நானும் பெருமையாக ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு போவேன். ஜெனரேட்டர் ரூம் போய்ச் சேர்வதற்குள் போன் வரும். "நின்னுபோச்சுபா."

வெள்ளிக்கிழமை மத்தியானமும் அதே கதை. மூடியைத் திறந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாகப் போன். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அக்கா பாதிப் புல்வெளியை வெட்டி முடித்திருந்தார். வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, டேங்க் ஆவென்று திறந்து கிடந்தது. பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன்.

பையிலிருந்து மூடியை எடுத்தேன். நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் சுண்ணாம்பாக இறுகியிருந்தன. ஊக்கால் சுரண்டினேன். அடியில் ஒரு பொடித் துவாரம். டேங்குக்குள் காற்று போகிற வழி அதுதான். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஒவ்வொரு முறையும் நான் மூடியைத் திறந்ததால்தான் வண்டி கிளம்பியிருக்கிறது. கைராசியாவது ஒன்றாவது.

"யாருக்கா இங்க வச்சது?"

"நான்தான். பூஜைல வச்சேன். வெள்ளிக்கெழம ஆனா அதும் மேலயே இன்னொண்ணு வைப்பேன். ஏம்பா?"

சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

வண்டி ஓடிய சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "ஏனாயித்து?" என்று, என்ன ஆனதென்று என்னைக் கேட்டார். மூடியில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன், வேறொன்றுமில்லை என்றேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

அக்கா மடமடவென்று வண்டியிலிருந்து இறங்கினார். "அழுக்கு இல்ல சார். நான் வச்ச பொட்டு." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா, சாமி பொட்ட போயி அழுக்குன்ற? வருசா வருசம் உன் ஜெனரேட்டருக்கு மாலை போடுவாங்க. எங்க புல்லு வெட்ற கத்திங்கள கட்டா கட்டி ஓரமா வச்சு, மொத்தத்துக்கும் ஒரே ஒரு பொட்டு. இந்த வருசம்தான் என் வண்டி உங்க வரிசைல நின்னுது."

வேலையே போகும்போலிருக்கிறது, இந்த மனுஷி பொட்டுக்காகச் சண்டைக்கு நிற்கிறாரே என்று பயந்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அந்த வரிசையில் நானும் பல வருஷம் நின்றவன்தான்.

சூப்பர்வைசருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். மூடியை வாங்கித் துவாரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். வெட்டாமல் கிடந்த புல்லைப் பார்த்தார். "கூத்கொள்ளம்மா" என்று உட்காரச் சொல்லிச் சீட்டைக் காட்டினார். "இனிமே முன்னாடி வைங்க, எடம் நெறைய இருக்கு. மழைக்குள்ள முடிக்கணும்."

அக்கா ஏறி உட்கார்ந்தார். மூடியைத் துடைத்துப் போட்டேன். ஒரே திருகில் வண்டி பிடித்துக்கொண்டது. கடைசி ஓரம் வெட்டி முடிக்கிறவரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமையும் வேலைக்கு வந்து இந்தக் கோபத்தைக் காட்டுவார் என்று தோன்றியபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது.