ஈரப் பலகை

படகுப் பட்டறையில் அவருக்கு 'நாளைக்கு வா' என்றே பெயர். மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் கண்ணாடி இழையை ஒட்டி ரெசின் பசை பூசமாட்டார்; ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் அழுகிவிடும். யார் தலைகீழாக நின்றாலும் "காயட்டும், நாளைக்கு வா" என்று விரட்டிவிடுவார்.

தங்கை புருஷனிடம் மட்டும் அது பலிக்கவில்லை. தன் படகைத் திருப்பும் சுக்கான் பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "மச்சான், மச்சான்" என்று இரண்டு நாள் நச்சரித்து உயிரை எடுத்தார் மாப்பிள்ளை. தட்டிப் பார்த்ததுமே உள்ளே ஈரம் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தொல்லை விட்டால் போதுமென்று மூன்று அடுக்கு இழை ஒட்டி, ரெசின் பூசி, பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தங்கை வீட்டில் குடித்த தண்ணீர்கூட அவர் தொண்டையில் இறங்கவில்லை.

நாலாம் மாதம் மாப்பிள்ளை அதே பலகையை இரண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பாறையில உரசிட்டேன் போல மச்சான். நீங்க அவ்வளவு அழகா செஞ்சு குடுத்ததை நாசம் பண்ணிட்டேன். படகைத் திருப்ப முடியாம ரெண்டு மணி நேரம் அலையில கிடந்தோம். உங்க தங்கச்சியும் கூட இருந்தா."

அவர் உடைந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். பளபளப்புக்கு அடியில் மரம் ஊறின ரொட்டியாய்க் கறுத்து, விரலோடு பிய்ந்து வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கண்ணை எங்க வச்சிருந்தீங்க மாப்ளே? பாத்து ஓட்டக் கூடாதா?"

"தப்புதான் மச்சான்" என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.