கதவைத் திறக்காமல் முடிந்த படம்

இலங்கையில், பதுளையில் எங்கள் துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் குடும்பம் முழுவதும் இருந்தது. கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நான் அந்தப் படி இறங்கியது கோயிலுக்குப் போக மட்டும், அதுவும் மாமியாரோடு. ஜன்னலில் நின்றாலே, "தெருவுல என்ன வேடிக்கை?" என்று குரல் வரும்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஊருக்குப் படம் காட்டும் பயாஸ்கோப்காரர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். நாத்தனாரின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் என்னையும் கூட்டிப் போனார்கள்.

ஊமைப்படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொன்னார். வெள்ளைக்காரர் வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணின் மோதிரத்தைக் காணோம். வீடு நிறைய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டு ஓடுகிறார்கள். மாவுச் சட்டியில் பாதிரியார் விழுந்தபோது மாமனாரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் காலைப் பலகாரத்தின்போது மாமனார் ஒவ்வொருவரிடமும் படம் எப்படி என்று கேட்டார். கொழுந்தனுக்குப் பாதிரியாரைப் பிடித்திருந்தது, நாத்தனாருக்கு மணப்பெண்ணின் உடுப்பு. பரிமாறிக்கொண்டிருந்த என்னிடமும் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க மாமா. இவருதான் பெரியவருன்னு ஒருத்தர் இல்லாம, எல்லாருக்கும் சிரிக்க வைக்க ஒரு எடம் குடுத்திருந்தாங்க. நாய்க்குக்கூட. ஆனா ஆளுங்க கூடிப் போனதுல ஒருத்திய மறந்துட்டாங்க."

"யாரை?"

"அந்த வேலைக்காரப் பொண்ண. மோதிரத்தப் பத்தி உளறிருவான்னு ஆரம்பத்துலயே சாமான் அறையில தள்ளிப் பூட்டுனாங்களே. கடைசியில எல்லாரும் விருந்துக்கு உக்காந்தாங்க. அவளத் தொறந்து விடவே இல்ல."

"சிரிக்கிறதுக்குப் போன எடத்துல இதையெல்லாம் யாரு பாப்பாங்க?" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்தார். வந்ததும், "நீ சொன்னது நெசந்தான். தொறக்கவே இல்ல" என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"என்னையும் ஒரு நாளு ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போங்களேன். நீங்களும் நானும் மட்டும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்பாகிட்ட கேக்கணும்."

கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நானே இறங்கினேன். தெருமுனை வரைக்கும் போயிருப்பேன். எதிர்ப்பக்க மளிகைக் கடைப் பாய் எழுந்து வந்தார்.

"என்னா தங்கச்சி, தனியா வர்றீங்க? வீட்டுல யாருக்கும் முடியலையா?"

நல்ல மனுஷர். பதறிப்போய்த் தன் கடை ஆளைத் துணைக்கு அனுப்பி என்னை வீடு சேர்த்தார். மாமியார் திட்டவில்லை. அன்றிலிருந்து மத்தியானத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்துப் பண்டாரவளையில் கிளைக் கடை போட்டபோது நாங்கள் தனிக்குடித்தனம் போனோம். அதற்குள் எனக்கு நாலு பிள்ளைகள். அங்கே வாசலில் போய் நிற்க யாரும் தடை சொல்லவில்லை. நிற்கத்தான் நேரமில்லை.