தக்காளிக்கு ஊற்றிய கடல்

ஊரில் அவளை 'ஏனக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது 'ஏன்?' என்பதுதான். தக்காளி போடுகிறவள். வெயில் ஏறினால் அவள் கிணற்றில் பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும்.

அப்படியொரு கோடையின் தொடக்கத்தில் உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"கடல்பாசிச் சாறு, அக்கா. அடிச்சா செடி வறட்சி தாங்கும்."

"ஏன் தாங்கும்?"

"பாட்டில்ல அப்படித்தான் போட்டிருக்கு." அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்டாள். ஆனால் உப்புத் தண்ணீரில் கிடக்கிற பாசிக்கும் தன் தக்காளிக்கும் என்ன உறவு என்ற கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. பாட்டிலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். தயாரிக்கும் ஆலையில் வேலை செய்யும் பெண் எடுத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"கடல் உள்வாங்குனா பாசி வெயில்ல காய்ஞ்சு கிடக்கும்மா. தண்ணி வந்ததும் பிழைச்சுக்கும். அப்படித் தாங்க உதவுற சில பொருள் அதுக்குள்ள இருக்கு. அது செடிக்குப் போனா வேர் நல்லா ஓடும், தண்ணியில்லாம காயுறதையும் கொஞ்சம் சமாளிக்கும். ஆனா வாடுறதுக்கு முன்னாடியே அடிக்கணும். தண்ணிக்குப் பதிலா இதுன்னு நினைச்சுடாதீங்க."

ஏனக்காவுக்கு இது பிடித்துப்போனது. பிடித்ததாலேயே சரிபார்க்க ஆசை வந்தது. பாதி வயலுக்கு மட்டும் அடித்து, மறுபாதியைச் சும்மா விட்டாள்.

வெயில் முற்றியது. இரண்டு பாதியும் ஒன்றுபோலவே நின்றன. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். காலி.

"மிச்சம் எங்க போச்சு?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் மண்வெட்டியைத் துடைப்பதில் மும்முரமானார். "அந்தப் பக்கத்துச் செடி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நீ அடிச்ச மறுநாளே அதுக்கும் அடிச்சுட்டேன்."

"செடிக்கு இரக்கப்பட்டு என் கேள்வியக் கெடுத்துட்டீங்களே."

இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கோடைக்கு வேறு வழி யோசித்தாள். ஒரு தெளிப்பானில் பாசிச் சாறு, இன்னொன்றில் அதே நிறத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தேநீர். கணவருக்கு மூக்கடைப்பு தீராத தொல்லை, வாசனை தெரியாது. "ரெண்டும் பாசிதான், ஆளுக்கொரு பாதி" என்று அவர் கையில் தேநீர்த் தெளிப்பானைக் கொடுத்தாள். அவர் கேள்வி கேட்காமல் அடித்தார். கேள்வி கேட்பது அந்த வீட்டில் இன்னொருவர் இலாகா.

கிணறு இறங்கியது. உச்சிவெயிலில் எல்லாச் செடியும் தலையைத் தொங்கப்போட்டன. அதில் வித்தியாசமில்லை. அவளுக்கு ஏமாற்றம். ஆனால் ஒரு சாயங்காலம் கணவரே சொன்னார்:

"கிழக்குப் பக்கம் சீக்கிரம் நிமிருது, கவனிச்சியா? மேற்கால இன்னும் துவண்டு கிடக்கு."

கிழக்கில்தான் பாசி. அதை முகத்தில் காட்டாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். கிழக்குச் செடியின் வேர் அடர்ந்து கீழே நீண்டிருந்தது. மற்றதன் வேர் மேலாகவே சுருண்டிருந்தது.

பிறகு கிணறு அறவே வற்றியதும் கிழக்கும் வாடத்தான் செய்தது. ஆனால் கோடைமழை வந்தபோது அதில் பூ மிச்சமிருந்தது. மேற்கில் பூ மொத்தமும் கொட்டியிருந்தது.

தேநீர் விஷயத்தை அப்போதுதான் கணவரிடம் சொன்னாள்.

"அப்ப நான் வயலுக்கு டீ ஊத்திக்கிட்டா இருந்தேன்?"

"பாதி வயலுக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே கேட்டார்: "கிழக்கால மண்ணே கொஞ்சம் நல்ல மண்ணோ என்னவோ?"

அது அவளுக்குத் தோன்றவேயில்லை. அடுத்த முறை பக்கத்தை மாற்றிப் போட்டார்கள், இருவரும் சேர்ந்தே. அந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்து தொலைத்தது. இரு பக்கமும் செழித்தன. எதுவும் தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருநாள் கேட்டார்: "பாசிச் சாறு வேலை செய்யுதா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு தாயி."

"வாடுறதுக்கு முன்னாடி அடிச்சா தாங்குற மாதிரிதான் இருக்கு. ஒரே வார்த்தையில சொல்லணும்னா இன்னும் ரெண்டு கோடை ஆகும். உங்க வயல்லயும் பாதி விட்டுத் தாங்களேன், சீக்கிரம் சொல்லிடறேன்."

அவர் யோசித்துவிட்டு, எந்தப் பாதி என்று கேட்டார்.